பதினாலாம் படி

போன மாதம் சுகந்தி ரெலிபோன் எடுத்தாள். ஒரு காலத்தில் எனக்குக் கீழே தரப் பரிசோதனை வேலை பழகியவள். இப்போது தொழிற்சாலைகளுக்கு ஆலோசனை சொல்லும் கொம்பனி ஒன்றில் பெரிய பொறுப்பில் இருக்கிறாள்.

"ராணி அக்கா, சுகமா இருக்கிறீங்களோ? ஒரு வேலை விசயம் கேக்கவேணும்."

"கேள்."

"ஒரு முதலாளி திரும்பவும் இஞ்சையே தெர்மோஸ்டாட் செய்யப்போறாராம். எல்லாத்தையும் சீனாவில இருந்து எடுக்கேலாது, எங்கட சொந்தக் காலில நிக்கவேணும் எண்டு இப்ப எல்லா இடமும் அந்தக் கதைதானே. ஆனா அதைச் சரிக்கட்டுற முறை ஒருத்தருக்கும் தெரியாது. நீங்கள் அந்த நாளில எழுதின நடைமுறைப் புத்தகம் உங்களிட்ட இருக்கோ?"

புத்தகம் இல்லை என்றேன். ஆனால் ஞாபகத்தில் இருந்தது. ஒவ்வொரு படியாகச் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். பதினாலாம் படிக்கு வந்தபோது, "இது நான் கண்டுபிடிச்சதில்லை" என்று மட்டும் சொன்னேன். பிறகு ஆர் என்று அவள் கேட்டாள். அந்த மறுமொழி ரெலிபோனில் சொல்லி முடிக்கக்கூடியதல்ல. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் இந்த நாட்டுக்கு வந்தபோது எனக்கு முப்பத்துநாலு வயது. யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தவள். முதலில் பார்க்டேலில் ஒரு அறையில் நாலு பேரோடு இருந்து துணி மடித்தேன். பிறகு ஸ்காபரோவுக்கு மாறி, வீட்டுச் சுவர்களில் பொருத்தும் தெர்மோஸ்டாட் செய்கிற தொழிற்சாலையில் பொதி கட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். வேலை முடிந்த பிறகு இரண்டு வருடம் மாலை வகுப்புக்குப் போய்த் தரப் பரிசோதகர் சான்றிதழ் எடுத்தேன். ஆய்வுகூடத்தில் வெப்பமானி பார்த்த பழக்கம் உதவியது. தொண்ணூறுகள் தொடங்கும்போது நான் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு தொழிற்சாலைத் தளத்தில் நடந்தேன். என் வாழ்க்கையில் நான் தலை நிமிர்த்தி நடந்த முதல் சில வருடங்கள் அவை.

என் மேலதிகாரி திரு. கோவாச். ஹங்கேரியில் இருந்து இளம் வயதில் தப்பி வந்தவர். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஒருபோதும் குரலை உயர்த்தமாட்டார். நாம் எழுதிக் கொண்டுபோகும் நடைமுறைத் தாளை மேசையில் வைத்து, ஒரு உருக்கு அடிமட்டத்தை வரிக்குக் கீழே பிடித்து, வரி வரியாக உரத்து வாசிப்பார். 'சரியாக', 'நன்றாக', 'கவனமாக' என்று ஒரு சொல் வந்தால் அடிமட்டம் அந்த இடத்தில் நின்றுவிடும்.

"மிஸிஸ் நாதன், 'நன்றாக இறுக்கவும்' என்று எழுதியிருக்கிறீர்கள். நன்றாக என்றால் எத்தனை?"

அளவை எழுதும்வரை அடிமட்டம் நகராது. ஒரு தாளை ஆறு தரம் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஆனால் ஆறாம் தரம் கையெழுத்திடும்போது, "இனி நீங்கள் நாளைக்கு வராவிட்டாலும் இந்த வேலை நடக்கும்" என்பார். அதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

தெர்மோஸ்டாட்டின் உயிர் ஒரு சின்னச் சுருள். இரண்டு வேறு உலோகங்களை ஒட்டிய மெல்லிய தகடு அது. சூடு ஏற ஏற வளையும். வளைந்து மின்சாரத்தை நிறுத்தும். எந்தச் சூட்டில் நிறுத்தவேண்டும் என்பதை ஒரு சிறு திருகாணியால் சரிக்கட்டவேண்டும். அதற்குக் கண்ணாடி முகப்புள்ள பெட்டிகள் இருந்தன. உள்ளே காற்று எப்போதும் ஒரே வெப்பத்தில் இருக்கும். கையுறைத் துளைகளால் கைகளை உள்ளே விட்டு, மின்சாரம் ஓடுவதைக் காட்டும் விளக்கு அணையும்வரை திருகாணிக் கட்டை என்ற திருப்புளியால் திருகாணியைத் திருப்பி, பிறகு அது அசையாமல் ஒரு துளி சிவப்பு வார்னிஷ் வைப்பார்கள். பதினெட்டுப் பெண்கள் அந்த வேலை செய்தார்கள். பாதிப்பேர் எங்கள் சனம். மற்றவர்கள் பிலிப்பைன்ஸ், போர்த்துக்கல், கயானா.

அவர்களில் ஒருத்தி திரேசா. மன்னாரைச் சேர்ந்தவள். எனக்கு ஒத்த வயது. கணவர் அன்ரனுக்கு முதுகு வருத்தம். அவர் நிரந்தரமாக ஒரு வேலையில் நின்றதில்லை. இரண்டு பிள்ளைகள். மோர்னிங்சைட்டில் ஒரே கட்டடத்தில் ஐந்தாம் மாடியில் அவளும் ஏழாம் மாடியில் நானும் இருந்தோம். காலையில் ஒரே பஸ்ஸில் போவோம். சனிக்கிழமைகளில் அவள் மாதா கோயிலால் வரும்போது என் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவாள்.

எங்கள் தெர்மோஸ்டாட்டுக்கு ஒரு குறை இருந்தது. பெட்டியில் சரியாக இருக்கும். கடைக்குப் போய்ச் சில மாதங்களில் ஒன்றிரண்டு பாகை விலகிவிடும். வாங்கினவர்கள் குளிருது என்று திருப்பி அனுப்புவார்கள். திரும்பி வந்தவற்றில் இருந்த, சரிக்கட்டியவரின் முத்திரை எண்களை நான் ஒரு வருடமாகப் பதிந்து பார்த்தேன். பதினேழு பேரின் எண்களும் மாறி மாறி இருந்தன. திரேசாவின் எண் மட்டும் அநேகமாக இல்லை.

ஏன் என்று கேட்டேன். சிரித்தாள். "அது என்ர கை" என்றாள்.

கோவாச்சுக்கு அந்த மறுமொழி பிடிக்கவில்லை. "கை என்றால் எத்தனை?" என்றார்.

அந்தக் காலத்தில் சர்வதேசத் தரச் சான்றிதழ் எடுப்பதென்று எல்லாத் தொழிற்சாலைகளும் ஓடித் திரிந்தன. எங்கள் நிர்வாகமும் அறிவித்தது. ஒவ்வொரு வேலையையும், அதைச் செய்யத் தெரியாத ஒருவர் வாசித்துச் செய்யக்கூடியதாக எழுதவேண்டும். எழுதுகிற பொறுப்பு எனக்கு. சான்றிதழ் வந்தால் பெரிய ஓடர்கள் வரும் என்று ஒவ்வொரு பெட்டியடியிலும் நின்று நானே சொன்னேன். எல்லாரும் தங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். வார்னிஷ் தடிக்காமல் இருக்க என்ன செய்வது, எந்தத் தட்டில் எதை முதல் வைப்பது என்று பத்து வருடம் பழகின சங்கதிகள். திரேசா மட்டும் சொல்லவில்லை.

மாசி மாதம் ஒரு நாள் கோவாச் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அவர் கதவைச் சாத்தி நான் கண்டதில்லை.

"நீங்கள் எழுதுவதெல்லாம் இன்னொரு மொழிக்கு மாற்றப்படப்போகிறது" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"சீன மொழிக்கு. சித்திரையில் அங்கிருந்து மூன்று பேர் வருவார்கள். ஆறு கிழமை நிற்பார்கள். வருட முடிவுக்குள் பெட்டிகள் எல்லாம் அங்கே போய்விடும். இங்கே களஞ்சியம் மட்டும் இருக்கும். வந்திறங்கும் பொருளைப் பரிசோதிக்க ஒருவர் தேவை. உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன்."

ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். அறிவிக்கும் நாள்வரை ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று ஒப்பமிடும் தாள். அவருடைய பெயருள்ள இன்னொரு தாள் பக்கத்தில் ஏற்கெனவே ஒப்பமிட்டுக் கிடந்தது.

"அவர்களுக்குச் சொல்லவேண்டாமா?" என்றேன்.

"சொல்லவேண்டும். ஆனால் அந்த நாளைத் தெரிவு செய்வது நானோ நீங்களோ இல்லை." பேனையைத் தாளின்மேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "மிஸிஸ் நாதன், எல்லாவற்றையும் தானே செய்வேன் என்று சொன்ன ஒரு நாட்டில் நான் வளர்ந்தேன். எங்கள் தெர்மோஸ்டாட் அறை குளிர்கிறது என்று ஒத்துக்கொள்ளாது. வாங்குகிறவன் மலிவானதை வாங்குவான். அதை நிறுத்தமுடியாது. நிறுத்தப் பார்த்தவர்களை நான் கண்டிருக்கிறேன்."

நான் ஒப்பமிட்டேன். என் மகன் அந்த வருடம் பல்கலைக்கழகம் போக இருந்தான். என் கணவர் ஊரிலேயே காணாமற்போனவர். இவற்றை நியாயமாகச் சொல்லவில்லை. அன்றைக்கு என் மனதில் இருந்தது இதுதான் என்பதால் எழுதுகிறேன்.

பங்குனியில் நான் எழுதிய தாள்களை வாசித்த கோவாச்சின் அடிமட்டம் சரிக்கட்டும் பகுதியில் நின்றது. "இது பதினேழு பேரின் முறை. பதினெட்டாவது ஆளின் முறைதான் வேண்டும்" என்றார்.

அன்று சனிக்கிழமை இல்லை. ஆனாலும் நான் ஐந்தாம் மாடிக்கு இறங்கிப்போய் திரேசாவின் கதவைத் தட்டினேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு ரீ ஊற்றினாள்.

"நானே உன்னட்ட வர இருந்தனான்" என்றாள். "எங்கட கோயிலில ஒருத்தி ஆசுப்பத்திரிக் குசினியில வேலை செய்யிறா. அங்க ஒரு இடம் இருக்காம். நிரந்தரம். திங்கட்கிழமைக்குள்ள சொல்லவேணும். சம்பளம் கொஞ்சம் குறைவு. ஆனா அன்ரன் சொல்லுறார், பக்டரியை நம்பேலாது, போ எண்டு. நீ ஒப்பீசுக்குள்ள திரியிறனி. என்ன கேள்விப்படுறாய்? இது நிலைக்குமோ?"

நான் ரீயைக் குடித்தேன். நல்ல சூடு. நாக்குச் சுட்டது.

"சேர்ட்டிபிக்கேற் வந்தால் ஓடர் கூடும் எண்டுதான் சொல்லுகினம்" என்றேன்.

அது பொய் இல்லை. அப்படித்தான் சொன்னார்கள். நானே பதினெட்டுப் பேருக்கும் சொன்னது அதுதான்.

"உண்மையா?"

"அப்படித்தான் சொல்லுகினம், திரேசா. ஆனா அந்தக் கடைசிப் பகுதி எழுதினால்தான் சேர்ட்டிபிக்கேற்றுக்கு அனுப்பலாம். உன்ர முறை இல்லாமல் அது முடியாது."

 அவள் மேசைக் கரண்டியைத் திருகாணிக் கட்டை மாதிரிப் பிடித்துக்கொண்டு காட்டினாள்.

"எல்லாரும் விளக்கு நூருற இடத்தில நிப்பாட்டிப்போடுவினம். நான் நிப்பாட்டமாட்டன். கால்வாசிச் சுற்றுக் கூடப் போவன். பிறகு திருகாணிக் கட்டையின்ர பிடியால அடித்தட்டில ரெண்டு தட்டு. பத்து எண்ணுவன். அதுக்குப் பிறகு மெல்ல மெல்லப் பின்னுக்கு வருவன். வார்னிஷ் உடன வைக்கிறேல்லை. ஒரு தட்டில இருக்கிற இருபத்துநாலையும் முடிச்சுப்போட்டுத் திரும்ப முதலாவதுக்கு வந்து பார்த்து, அசையாமல் நிண்டால்தான் வார்னிஷ். தகட்டுக்கும் களைப்பு இருக்குத்தானே. ஒரு மூச்சு விட அதுக்கு நேரம் குடுக்கவேணும்."

"இதை ஆர் சொல்லித்தந்தது?"

"ஒருத்தரும் இல்லை. பார்த்துப் பார்த்துப் பிடிச்சது. இதுவரைக்கும் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. இது என்னட்ட இருக்குமட்டும் என்னை நிப்பாட்டமாட்டாங்கள் எண்டு நினைச்சன்." சிரித்தாள். "நீ கேட்டபடியால் சொல்லுறன்."

அது பதினாலாம் படி ஆயிற்று. கோவாச் எத்தனை தட்டு, எவ்வளவு பலம் என்று கேட்டார். பிடியை இரண்டு சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்து விழவிடவும் என்று எழுதினேன். அவர் அடிமட்டத்தை எடுத்து ஒருபக்கம் வைத்துவிட்டுக் கையெழுத்திட்டார். தாளின் கீழே 'தயாரித்தவர்' என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. திங்கட்கிழமை திரேசா ஆசுப்பத்திரி வேலை வேண்டாமென்று சொல்லிவிட்டாள்.

சித்திரையில் அவர்கள் வந்தார்கள். இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும். ஆசியச் சந்தைக்குப் பொருள் செய்யும் பங்காளிகள் என்று தளத்தில் சொல்லப்பட்டது. அந்தப் பெண்தான் தலைமைப் பொறியியலாளர். பெயர் சென். ஐம்பது வயதிருக்கும். கட்டை மயிர், சாம்பல் நிற மேலங்கி. வானொலியில் கேட்டுப் பழகிய ஆங்கிலத்தை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பார். ஆறு கிழமையில் ஏழு கொப்பிகள் நிரப்பினார். எங்கள் பெட்டிகளின் கதவுப் பிணைச்சலைக்கூட அளந்தார்.

இரண்டாம் கிழமை, சாப்பாட்டறையில், அந்த உலோகத் தகட்டை எங்கே வாங்குகிறீர்கள், எப்படி ஒட்டுகிறார்கள் என்று கோவாச்சிடம் கேட்டார்.

"அது ஒப்பந்தத்தில் இல்லை. தகட்டை எங்களிடம் வாங்கலாம்" என்றார் கோவாச்.

"நீங்கள் ஒரு நாள் தகடு தராவிட்டால்?"

"ஏன் தராமல் விடுவோம்? விற்பதுதான் எங்கள் தொழில்."

சென் கோபிக்கவில்லை. "நான் பொறியியல் படிக்கும்போது எங்களுக்கு உதவ வந்த வெளிநாட்டுப் பொறியியலாளர்கள் ஒரு நாள் வரைபடங்களைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று எங்கள் ஆசிரியர் சொல்வார். பாதி கட்டிய இயந்திரத்தைக் காட்டுவார். ஆகவே நாங்கள் எதை வாங்கினாலும், அடுத்த தரம் வாங்காமல் இருக்க என்ன செய்யவேண்டும் என்று யோசிப்போம்" என்றார்.

"அப்படிச் செய்ததெல்லாம் நன்றாக இருந்ததா?"

"இல்லை. எங்கள் தெர்மோஸ்டாட் மிகவும் மோசம்" என்றார் சென். கோவாச் அன்று முதல் தடவையாகச் சிரித்தார்.

எனக்கு அந்தப் பேச்சு புதிதல்ல. எங்கள் நாட்டிலும் ஒரு காலம் வெளியில் இருந்து மிளகாயும் வெங்காயமும் வரக்கூடாது என்று நிறுத்தினார்கள். என் ஐயா அந்த ஏழு வருடத்தில்தான் தோட்டத்தால் கல்வீடு கட்டினார். அதே ஏழு வருடம் பேக்கரி வாசலில் பாணுக்கு விடியமுன் வரிசையில் நின்றோம். பிறகு கதவைத் திறந்துவிட்டார்கள். கடையில் எல்லாம் இருந்தது. ஐயாவின் மிளகாய் மட்டும் விலை போகவில்லை. இதை நான் சென்னிடம் சொன்னேன். மத்தியானங்களில் நாங்கள் இருவரும் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி நடப்பது வழக்கமாகியிருந்தது. ஓரத்தில் கறுத்த பனிக் குவியல்கள் உருகிக்கொண்டிருந்தன.

"உங்கள் அப்பாவுக்கு எது நல்ல காலம்?" என்று கேட்டார்.

"ஐயாவுக்கு முதலாவது. வரிசையில் நின்ற எனக்கு இரண்டாவது."

அதை அவர் கொப்பியில் எழுதினார். பிறகு தன் தொழிற்சாலையைப் பற்றிச் சொன்னார். வடகிழக்கில் குளிரான நகரம். அரசாங்கத் தொழிற்சாலை. வீடு, மருத்துவசாலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், முடி வெட்டுகிற இடம், எல்லாம் தொழிற்சாலைக்குள்ளேதான். பொறியியலாளருக்கும் கூட்டுகிறவருக்கும் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே கட்டடத்தில் இருந்தார்கள். "எல்லாரும் சமமாக ஏழைகள். வேலை செய்யாதவனுக்கும் அதே சம்பளம். அதனால் வேலை செய்கிறவன் சலித்துப் போனான்" என்றார். இப்போது கூட்டுக் கொம்பனியாக மாறுகிறது. சிலர் முதலில் பணக்காரர் ஆகட்டும், மற்றவர்கள் பிறகு வருவார்கள் என்று சொல்கிறார்கள். "பிறகு என்றால் எப்போது என்று ஒருவரும் சொல்லவில்லை."

பிறகு என்னிடம் கேட்டார்: "உங்கள் ஆட்களுக்கு என்ன நடக்கும்? இந்தப் பெண்களுக்கு?"

அவர்களுக்கு இன்னும் தெரியாது என்று சொல்லியிருக்கவேண்டிய இடம் அதுதான். நான் சொல்லவில்லை. வேலையின்மைக் காப்புறுதி இருக்கிறது, பயிற்சி வகுப்பு இருக்கிறது, அதற்கும் பிறகு வெல்ஃபெயர் என்ற அரசாங்க உதவிப்பணம் இருக்கிறது, ஆனால் புது மாகாண அரசாங்கம் அதைக் குறைத்துவிட்டது என்றேன்.

"எத்தனை கிழமைக்கு?"

கிழமைக் கணக்கைச் சொன்னேன்.

"அதற்குப் பிறகு அவர்கள் யாருடைய ஆட்கள்?"

அந்தக் கேள்வி எனக்கு விளங்க நேரம் எடுத்தது. தொழிற்சாலை இல்லாவிட்டால் ஒருவர் யாருடைய ஆள் என்று அவர் கேட்டார். இங்கே ஒருவரும் ஒருவருடைய ஆளும் இல்லை, அதுதான் இந்த நாட்டின் நல்ல விசயம் என்றேன். சென் தலையாட்டினார். ஒத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை.

அவர் நாள் முழுக்கத் திரேசாவின் பெட்டியடியில்தான் நிற்பார். இருவருக்கும் மொழி போதாது. திரேசா கையால் காட்டுவாள். சென் செய்து பார்ப்பார். திரேசா அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக் கால்வாசிச் சுற்றின் அளவைப் பழக்குவாள். "நல்ல மனிசி. எங்கட ஆக்கள் மாதிரி" என்று பஸ்ஸில் என்னிடம் சொன்னாள்.

ஆறாம் கிழமையின் கடைசி நாள், வேலை முடிய அரை மணித்தியாலம் இருக்கும்போது எல்லாரையும் சாப்பாட்டறைக்குக் கூப்பிட்டுக் கேக் வெட்டினார்கள். சென் எழுந்து பேசினார். ஒரு துண்டுத் தாளைக் கையில் வைத்திருந்தார்.

"எங்கள் பழைய தொழிற்சாலையில் ஒரு தொழிலாளி புது முறை கண்டுபிடித்தால் வாசலில் உள்ள பலகையில் அவர் பெயரை எழுதுவோம். இந்தப் புத்தகத்தில் பதினாலாம் படியின் கீழே பெயர் இல்லை. ஆனால் நான் ஆறு கிழமை பார்த்தேன். அது மிஸிஸ் திரேசாவுடையது. அடுத்த வருடம் இந்தப் பெட்டிகள் எங்களிடம் வந்த பிறகு, எங்கள் பெண்களுக்கு இந்தப் படியைப் பழக்கும்போது உங்கள் பெயரைச் சொல்வேன். உங்கள் வேலையை எங்களிடம் தருகிறீர்கள். நாங்கள் கவனமாக வைத்திருப்போம். நன்றி."

அவர் குனிந்து வணங்கினார். முன்வரிசையில் ஒன்றிரண்டு பேர் கை தட்டத் தொடங்கி நிறுத்தினார்கள். 'இந்தப் பெட்டிகள் எங்களிடம் வந்த பிறகு' என்ற சொற்கள் ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சேர்வதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். போர்த்துக்கீசப் பெண் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் என்ன சொன்னவ என்று கேட்டாள். சென் எங்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு கோவாச்சைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. கையிலிருந்த தாளை மெல்ல மடித்தார்.

திரேசா கேக் தட்டை மேசையில் வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"உனக்கு எப்ப தொடக்கம் தெரியும்?"

"மாசியில."

அவள் மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள்.

"நீ என்ர வீட்டுக்கு வந்தது பங்குனியில" என்றாள்.

 மேலங்கியைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். அன்று நான் அடுத்த பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போனேன். அதற்குப் பிறகு எல்லா நாளும் அப்படித்தான்.

மூன்று நாளில் நிர்வாகம் முறைப்படி அறிவித்தது. மார்கழிக்குள் பெட்டிகளைக் கழற்றி மரச் சட்டங்களுக்குள் வைத்து ஏற்றினார்கள். பெட்டிகளை அங்கே பொருத்தும் வேலையை மேற்பார்க்கச் சீனாவுக்குத் தன்னை அனுப்புவார்கள் என்று கோவாச் எதிர்பார்த்தார். இளம் ஆள் ஒருவரை அனுப்பினார்கள். கோவாச்சுக்கு முன்கூட்டிய ஓய்வு கொடுத்தார்கள். கடைசி நாள் அவர் அறைக்குப் போனேன். மேசை வெறுமையாக இருந்தது. "நாங்கள் எழுதியது நல்ல நடைமுறை, மிஸிஸ் நாதன். நாங்கள் இல்லாமலே வேலை நடக்கும்" என்றார். இந்தத் தரம் அது பாராட்டாகக் கேட்கவில்லை. அவருக்கும் அப்படிக் கேட்கவில்லை போலும். என் கையைக் குலுக்கிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் களஞ்சியத்துக்குப் போனேன். அடுத்த வசந்தத்தில் முதல் கப்பல் பொதி வந்தது. ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து இருபது தெர்மோஸ்டாட்டை எடுத்துச் சோதனைக்கு வைத்தேன். ஒன்றாவது விலகவேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். முப்பது வருடம் தரம் பார்த்தவள் இதை எழுத வெட்கப்படவேண்டும். சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றி ஒரு மாதம் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் விலகவில்லை. எல்லாவற்றுக்கும் முத்திரை குத்தினேன்.

திரேசா அந்தக் காலத்தில் பயிற்சி வகுப்பில் இருந்தாள். அவளோடு படித்த ஒருத்தி எனக்குச் சொன்னாள்: வேலை தேடுகிறவர்களுக்கான படிவத்தில் 'உங்களிடம் உள்ள திறமைகள்' என்று ஒரு கட்டம் இருந்ததாம். திரேசா அதில் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தாளாம். ஆசுப்பத்திரிக் குசினியில் பிறகு இடம் வரவில்லை. காப்புறுதிக் கிழமைகள் முடிந்தபின் ஒரு முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் இடத்தில் கிழமைக்கு மூன்று நாள் வேலை கிடைத்தது. அதற்குள் அவர்கள் கட்டடம் மாறிப் போய்விட்டார்கள்.

தொண்ணூறுகள் முடியும் தறுவாயில் சென்னிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தகட்டைத் தாங்களே செய்யத் தொடங்கிவிட்டார்கள் என்று எழுதியிருந்தார். பழைய ஆட்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெயர் தொழிற்சாலைப் புத்தகத்தில் இருக்கிறது, வேலை இல்லை. பள்ளிக்கூடத்தையும் மருத்துவசாலையையும் தொழிற்சாலை கைவிட்டுவிட்டது. பெட்டிகள் தெற்கே ஒரு நகரத்துக்குப் போய்விட்டன. அங்கே கிராமங்களில் இருந்து வந்த பெண்கள் ஒரு அறைக்கு எட்டுப் பேராக இருந்து திருகாணி திருப்புகிறார்கள். ஊர்ப் பதிவு கிராமத்தில் இருப்பதால் நகரத்தின் சலுகை ஒன்றும் அவர்களுக்கு இல்லை. 'நாங்களே செய்வோம் என்று நான் உங்கள் மேலதிகாரியிடம் சொன்னது நடந்தது. ஆனால் அந்த நாங்கள் இப்போது வேறு ஆட்கள்' என்று எழுதியிருந்தார். அவரையும் ஓய்வில் அனுப்பிவிட்டார்கள். அடியில் ஒரு வரி: 'அன்றைக்கு நான் பேசியிருக்கக்கூடாது. அவர்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன். மிஸிஸ் திரேசாவிடம் சொல்லுங்கள்.'

பேசியது அவர் பிழை இல்லை. அன்று அந்த அறையில் உண்மை பேசிய ஒரே ஆள் அவர்தான். ஆனால் நான் பதில் எழுதவில்லை. எழுதினால் திரேசாவிடம் சொன்னேனா இல்லையா என்று எழுதவேண்டியிருக்கும்.

எந்த நாட்டு முறை நல்லது என்று சுகந்தி போன்ற பிள்ளைகள் இப்போது என்னிடம் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. அங்கே ஒரு கூரையின் கீழ் எல்லாரையும் வைத்திருந்தார்கள், பிறகு கூரையைப் பிரித்தார்கள். இங்கே ஒவ்வொருவர் கையிலும் ஒரு குடையைக் கொடுத்துக் கிழமை எண்ணினார்கள். இரண்டு இடத்திலும் முடிவெடுத்தவர்கள் முன்கூட்டி அறிந்திருந்தார்கள். நனைந்தவர்கள் கடைசியாக அறிந்தார்கள். எனக்கு உறுதியாகத் தெரிந்தது அவ்வளவுதான். அறிந்தவர்களின் பக்கத்தில் நானும் இருந்தேன்.

நான் ஓய்வு பெற்றதற்கு முந்தின வருடம், எக்ளின்ரன் வீதியில் ஒரு பஸ் தரிப்பில் திரேசாவைக் கண்டேன். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் விலகிப் போகவில்லை. நான் நொண்டுவதைக் கண்டு முழங்காலைப் பற்றி விசாரித்தாள். அன்ரன் செத்துப்போனதைச் சொன்னாள். மகள் நேர்ஸ் ஆகிவிட்டாள் என்றாள். பனி தூறிக்கொண்டிருந்தது.

"திரேசா, நான் அண்டைக்கு உனக்குச் சொல்லியிருக்கவேணும்" என்றேன்.

அவள் கையுறையைக் கழற்றி, அதில் படிந்த பனியை உதறி, திரும்பப் போட்டாள்.

"சொல்லியிருந்தால் நான் மற்ற பதினேழு பேருக்கும் சொல்லியிருப்பன். அடுத்த நாள் உன்னை வெளியில விட்டிருப்பாங்கள். உனக்கும் பிள்ளை படிக்கவேண்டியிருந்தது. சொல்லாமல் விட்டதை நான் எப்பவோ விளங்கிக்கொண்டன், ராணி."

என் நெஞ்சு லேசாயிற்று.  அவளுடைய பஸ் திருப்பத்தில் தெரிந்தது. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ஆனா என்னட்டக் கேளாமலாவது விட்டிருக்கலாம்" என்றாள்.

பஸ் வந்து நின்றது. படியில் கால் வழுக்காமல் கம்பியைப் பிடித்து ஏறினாள். உள்ளே போய் யன்னல் பக்கத்தில் இருந்துகொண்டு, முந்தி எங்கள் கட்டடத்து வாசலில் பிரியும்போது செய்வது போல, ஒரு தரம் கையை உயர்த்திக் காட்டினாள்.